மைலோ டைகர் இல்லை

இந்த மாதப் பாடம் நாயைப் பற்றியது. சிரிக்க வேண்டாம்.

போன மாதம் நம் ஞாயிறு வகுப்பில், வீட்டில் நாய் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிக்கு மேல் கை எழுந்தது. "உங்க நாய் எப்படிப்பட்டது?" என்று கேட்டேன். "ஜெர்மன் ஷெப்பர்ட் அண்ணா", "பொமரேனியன் அண்ணா", "சும்மா கம்போங் நாய்தான் அண்ணா" என்று பதில்கள் வந்தன. நான் இனத்தைக் கேட்கவில்லையே! கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கை மட்டும், "மழை பெஞ்சா அம்மா காலடியில போய் உட்காரும், ஆனா அப்பா பக்கம் போகவே போகாது" என்றாள். அன்று என் கேள்விக்குப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறவன் இல்லை. மின்னியல் பொறியியல், மூன்றாம் ஆண்டு. நாயைப் பற்றி எனக்குக் கற்றுத்தந்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு கடி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் பாடம் நடத்தினால் நான் ஏதோ பெரிய நிபுணன் மாதிரி ஆகிவிடும்.

டைகர் இருந்த இடத்தில்

டைகர் எங்கள் வீட்டில் 13 ஆண்டு இருந்தான். தபால்காரர், காஸ் தோம்பு கொண்டு வரும் அண்ணன், மீட்டர் பார்க்க வருபவர், யார் வந்தாலும் வாலாட்டி வரவேற்பான். பிள்ளைகள் முதுகில் ஏறினாலும் பேசாமல் நிற்பான். சீனப் பெருநாளுக்குத் தாமான் முழுக்க வெடி வெடித்த இரவுகளிலும் கேட் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கியவன். நான் ஐந்தாம் படிவம் படித்தபோது வயதாகி இறந்துபோனான். அப்பா அதன் பிறகு ஒரு வருடம் நாய்ப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவின் நண்பர் ஒரு பெண் குட்டியைக் கொடுத்தார். பழுப்பு நிறம், அதனால் பெயர் மைலோ. வரும்போது ஏறக்குறைய ஐந்து மாதம். உரம் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் பிறந்து, அங்கேயே கட்டிப்போட்டு வளர்ந்த குட்டி. மனிதர் என்றால் அதற்குத் தெரிந்தது சோறு வைக்க வரும் ஒருவர்தான்.

டைகரை 'அவன்' என்று எழுதுகிறேன், மைலோவை 'அது' என்று எழுதுகிறேன். அப்போது வீட்டில் அப்படித்தான் பேசினோம்.

டைகரின் சங்கிலியை மைலோவுக்குப் போட்டோம். டைகரின் தட்டில் சோறு வைத்தோம். டைகர் படுத்த இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில், கட்டினோம். மோட்டார் சத்தம் கேட்டாலே காடிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். "என்னடா இது, நாயா பூனையா?" என்று அப்பா கேட்பார். பாட்டி மட்டும், "பைரவர் வாகனம்டா, அப்படிச் சொல்லாத" என்பார். நான் என் பங்குக்கு 12 வெள்ளி கொடுத்து ஒரு பந்து வாங்கி உருட்டினேன். டைகருக்குப் பந்து என்றால் உயிர். மைலோ பந்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது.

அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. முதல் நாள் இரவு முழுக்கப் பக்கத்துத் தெருவில் பட்டாசு. விடிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். மைலோவைச் சமையலறை மேசைக்காலில் கட்டியிருந்தோம். பெரியம்மாவின் பேரன், ஆறு வயதுப் பையன், மேசைக்கடியில் புகுந்து மைலோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஒண்ணும் பண்ணாது, விளையாடட்டும். டைகர் மேலகூடப் பிள்ளைங்க ஏறி விளையாடுங்கதானே" என்றார் அத்தை.

நான் இரண்டு எட்டு தள்ளி நின்று சிராப் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடந்தது எல்லாவற்றையும் பார்த்தேன், எதுவும் எனக்குப் புரியவில்லை. மைலோ கொட்டாவி விட்டது. "பாரு, தூக்கம் வருது போல" என்று யாரோ சிரித்தார்கள். மூக்கை நக்கிக்கொண்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பியது. கண்ணின் வெள்ளை பிறைபோல ஓரத்தில் தெரிந்தது. பிறகு உறுமியது. மாமா சிலிப்பரைக் கழற்றி முகத்தில் ஒன்று போட்டார். "பிள்ளையப் பாத்து உறுமுறியா?" உறுமல் நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. பையன் மறுபடியும் கட்டிப்பிடித்தான். இந்த முறை உறுமல் இல்லை. கடி மட்டும்தான்.

புறங்கையில் இரண்டு தையல். நாங்கள் அவசரத்தில் காபித்தூளைத் தேடிக்கொண்டிருந்தபோது, தாதியாக வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் பையனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, பிறகு கிளினிக்குக்கு அனுப்பினார். இதையும் பாடத்தின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சவர்க்காரம், தண்ணீர், உடனே மருத்துவர்.

பையனின் அம்மா எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார். அவர் கோபத்தில் தவறே இல்லை. அன்று இரவு அப்பா, "மாசக் கடைசிக்குள்ள தோட்டத்துக்கே கொண்டு போய் விட்டுடுவோம்" என்றார். அப்படியென்றால் அந்தக் கொட்டகை, அந்தச் சங்கிலி. "ஒரு மாசம் மட்டும் குடுங்கப்பா" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. சிலிப்பர் அடி விழுந்தபோது மைலோ என்னைத்தான் பார்த்தது, அதுவாக இருக்கலாம்.

அலாரத்தை வெட்டிய கதை

அந்த ஒரு மாதத்தில் நான் படித்ததையும் பார்த்ததையும் இனிச் சொல்கிறேன்.

கொட்டாவி, மூக்கை நக்குவது, முகம் திருப்புவது, ஒரு முன்னங்காலைத் தூக்குவது, அப்படியே உறைந்து நிற்பது. இவை எல்லாம் நாயின் பேச்சு. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடு இல்லாத நேரத்தில் நாக்கு வெளியே வருவது என்றால், 'எனக்கு இது கஷ்டமா இருக்கு' என்று பொருள். நாம் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டும். உறுமல் அப்படிக் கூட்டிய சத்தம்தான். மாமா செய்தது, தீ அலாரம் அடிக்கிறது என்பதற்காக அலாரத்தின் வயரை வெட்டியது. தீ அணையவில்லை, சத்தம் மட்டும் நின்றது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். "எச்சரிக்கை இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்லப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சிலிப்பர் இருக்கும்.

வாலாட்டுவதையும் நம்பி ஏமாறாதீர்கள். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களின் வாலைப் படம் பிடித்து அளந்தார்கள். வளர்ப்பவரைப் பார்த்தபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகமாக ஆடியது. மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாக ஆடியது. இரண்டுமே வாலாட்டல்தான்! வீட்டில் நின்று வலமா இடமா என்று கண்டுபிடிப்பது லேசில்லை, நானும் முயன்று தோற்றேன். வாலை மட்டும் பார்க்காமல் முழு உடம்பையும் பார்க்க வேண்டும் என்பது வரை புரிந்தால் போதும்.

சுமை என்று ஒன்று இருக்கிறது. பொறியியல் படிக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வயரில் குளிர்சாதனம் ஓடும், தாங்கும். கூடவே கெட்டில் போட்டால், தாங்கும். அயர்ன் பாக்ஸையும் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். அயர்ன் பாக்ஸ் மேல் பழியைப் போட முடியுமா? மைலோவுக்கு முதல் நாள் இரவு பட்டாசு, தூக்கம் இல்லை. காலையிலிருந்து எண்பது அந்நியர்கள். ஓட முடியாமல் சங்கிலி. அதன் மேல் ஒரு கட்டிப்பிடிப்பு. டைகரின் வயர் தடிமன், அவன் தாங்கியிருப்பான். மைலோவின் வயர் வேறு.

இன்னொன்றும் இருந்தது, அது கால்நடை மருத்துவரிடம் போன பிறகுதான் தெரிந்தது. அவர் முதலில் கேட்டது, "சேட்டை எப்போதிலிருந்து?" என்பதல்ல, "காதைத் தொட விடுமா?" என்பது. இடது காதுக்குள் நோய்த்தொற்று, உள்ளே சிவந்து வீங்கியிருந்தது. பையனின் கை அன்று சுற்றியிருந்தது அந்தக் காதைத்தான். அப்பா காடியில் திரும்பி வரும்போது வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே, நாயின் நடத்தையில் திடீர் மாற்றம் தெரிந்தால் அதைக் குணம் என்று முடிவு கட்டும் முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குணம் எங்கிருந்து வருகிறது?

காது ஆறியது. ஆனாலும் மைலோ டைகராக மாறவில்லை. வந்த நாளிலிருந்தே கூச்சம்தான். ஏன்?

ஒரு காரணம் வளர்ந்த விதம். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். குட்டிக்கு ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது அவர்களின் முக்கியக் கண்டுபிடிப்பு. அந்தக் காலத்தில் எதையெல்லாம் பார்த்து, முகர்ந்து, கேட்டுப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு உலகத்தில் சாதாரணம். குடை, குழந்தை, ஹெல்மெட், மிக்ஸி, எல்லாம். மைலோ அந்த வாரங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கழித்தது. அதற்குப் பிறகும் கற்கும், ஆனால் மெதுவாக, நம் தயவோடு. குட்டி எடுக்கப் போகும் நண்பர்கள் இதை மனசில் வையுங்கள்.

வளர்ப்பு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. மைலோவோடு ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டி இன்னும் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது. அதே கொட்டகை, அதே சோறு. அது லாரியைத் துரத்திக்கொண்டு ஓடும், புதியவர் வந்தால் முன்னால் வந்து முகர்ந்து பார்க்கும். ஒரே உள்ளீடு, வெவ்வேறு வெளியீடு.

பாவ்லோவ் பெயர் அறிவியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உணவோடு ஒலியைச் சேர்த்துப் பழக்கி, பிறகு ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊற வைத்த ரஷ்ய அறிஞர். அவருடைய வெள்ளக் கதையை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெரிய வெள்ளம் வந்தது. ஆய்வகத்து நாய்கள் இருந்த இடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. வேலையாட்கள் அவற்றைத் தண்ணீர் வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு சோதனையைத் தொடர்ந்தபோது, சில நாய்கள் எதுவும் நடக்காதது போல வேலை செய்தன. சில நாய்கள் மாதக்கணக்கில் கற்றதை இழந்திருந்தன. அப்படிப்பட்ட ஒரு நாயின் அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டதும் அது மறுபடியும் பழைய நிலைக்குப் போனது. வெள்ளம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நாய்களுக்கு நரம்பு மண்டல வகைகள் உண்டு என்று பாவ்லோவ் எழுதியதற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் இருந்தன. நாயை ஒரு யந்திரம் மாதிரி நினைத்தவர் என்று நாம் பேர் வைத்திருக்கும் மனிதரே, ஒரு நாய் போல இன்னொரு நாய் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அப்படியானால் இனம்? இங்கேதான் நம்மில் பலருக்கு ஆச்சரியம். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேள்வி கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனத்தை வைத்து விளக்கக்கூடியது சுமார் 9 விழுக்காடுதான் என்று அது கண்டது. நிறம், காது, முடி எல்லாம் இனத்தோடு வரும். ஆனால் உங்கள் வீட்டு நாய் கூச்சமா, துணிச்சலா என்பதை இனப்பெயர் உறுதியாகச் சொல்லிவிடாது. "லாப்ரடோர்னா பிள்ளைங்ககிட்ட நல்லா இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்கும் முன்னால் அந்தக் குறிப்பிட்ட குட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கம்போங் நாய் என்று நாம் மட்டமாகப் பேசும் நாயையும் அதே மாதிரி உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

என் நோட்டுப் புத்தகம்

சுவீடனில் நாய்களைச் சோதிக்க ஒரு முறை உண்டு. அந்நியர் கை கொடுப்பார், திடீரென்று ஒரு பொம்மை மனிதன் எழுந்து நிற்கும், இரும்புச் சத்தம் கேட்கும், நாய் என்ன செய்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். அப்படி 15,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மதிப்பெண்களை 2002-இல் இரு ஆய்வாளர்கள் அலசியபோது ஐந்து குணங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. விளையாட்டு ஆர்வம், புதியதை அஞ்சாமல் ஆராய்வது, துரத்தும் நாட்டம், அந்நியரோடு பழகுவது, ஆக்ரோஷம். இந்த ஐந்தையும் என் நோட்டில் ஐந்து கட்டமாகப் போட்டுக்கொண்டேன். சோதனை எதுவும் நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். தினமும் நடப்பதை எழுதினால் போதும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். 'பயந்தது', 'பிடிவாதம்', 'சந்தோஷம்' என்று எழுதக்கூடாது. 'காது பின்னால் போனது, வால் வயிற்றோடு ஒட்டியது, காடிக்கு அடியில் போனது' என்று எழுத வேண்டும். லாப்பில் மீட்டர் காட்டும் எண்ணைத்தானே எழுதுகிறோம்? நம் அபிப்பிராயத்தையா எழுதுகிறோம்? கடைசிக் கட்டத்தில், மறுபடி சாதாரணமாக எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதினேன். பிறகு பார்த்தால் அந்த எண்தான் எல்லாவற்றையும் விட உபயோகமாக இருந்தது. ஹெல்மெட் போட்ட ஆள் கேட்டுக்கு வந்தால் முதல் வாரம் 40 நிமிடம். நான்காம் வாரம் 10 நிமிடம்.

எழுத எழுத எனக்கு ஒரு வேறு நாய் தெரிய ஆரம்பித்தாள். ஆமாம், இங்கேதான் நோட்டில் 'அவள்' வந்திருக்கிறது, தேதி உட்பட. அவளுக்குப் பந்து வேண்டாம், மூக்குதான் வேண்டும். லோங்காங் ஓரத்துப் புல்லில் ஒரே இடத்தை மூன்று நிமிடம் முகர்வாள். முன்பெல்லாம் "வா வா, நேரமாச்சு" என்று கயிற்றை இழுத்துக்கொண்டு போவேன். இப்போது விட்டுவிட்டேன். காலை ஐந்தரைக்கு, மோட்டார் ஓடாத நேரத்தில், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும். பழைய முட்டைத் தட்டில் அவித்த கோழித் துண்டுகளை ஒளித்துவைத்தால் இருபது நிமிடம் தேடுவாள், பிறகு நிம்மதியாகப் படுத்துவிடுவாள். ஓட விட்டுக் களைக்க வைப்பதைவிட இது அவளுக்கு நல்லது.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை மாற்றினோம். மாற்றியது நான் இல்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தால், வீட்டின் பின்பக்கத்தில் காலணி அலமாரியைத் தள்ளிவைத்து, சுவரோரம் ஒரு மூலை உண்டாக்கி, பழைய கைலியை விரித்துவைத்திருந்தார் அப்பா. மூன்று பக்கமும் மறைவு. அதில் அவள் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம் ஆனது.

தொடுவதற்கும் ஒரு முறை கற்றுக்கொண்டோம். நாம் அவளிடம் போவதில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் அவளே வருவாள், வராவிட்டால் அது அவள் இஷ்டம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் மூன்று வினாடி தடவிவிட்டு நிறுத்த வேண்டும். நெருங்கி வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். உங்கள் வீட்டு நாயிடம் இன்றே செய்து பாருங்கள். பல வருடம் வளர்த்த நாய்கூட "போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பது தெரியலாம்.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நீதான் தலைவன்னு காட்டணும்டா, இல்லேன்னா தலையில ஏறிக்கும்" என்றார். இது மாமா கண்டுபிடித்ததல்ல. கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து. 1970-இல் டேவிட் மெக் தன் ஓநாய்ப் புத்தகத்தில் அதைப் பரப்பினார். பிறகு காட்டிலேயே பல ஆண்டுகள் ஓநாய்களைப் பார்த்த அதே மெக், 1999-இல், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் பிள்ளைகளும்தான், சண்டை போட்டுப் பதவி பிடிக்கும் தலைவன் கதை அங்கே பொருந்தாது என்று எழுதினார். தான் எழுதியதைத் தானே திருத்திய அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. மாமாவிடம் இதைச் சொன்னேன். "ஓநாய் வேற, நாய் வேற" என்றார். அதுவும் சரிதான், அதைத்தானே மாமா நானும் சொல்றேன் என்றேன்.

எல்லா நாயும் மைலோ இல்லை

கூச்ச நாயைப் பற்றியே பேசிவிட்டேன். உங்கள் வீட்டில் நேர் எதிர் நாய் இருக்கலாம். என் நண்பன் வீட்டு நாய்க்கு உலகமே சொந்தக்காரர்கள். கேட் திறந்தால் போதும், யார் மேலும் தாவும். இதைத் 'தங்கமான குணம்' என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அடுத்த வீட்டு பாக்சிக் தொழுகைக்குப் போகும் உடையில் வெளியே வரும் நேரத்தில் அது ஓடிப்போய் நக்கினால், அவர் மறுபடி சுத்தம் செய்துகொண்டுதான் போக வேண்டும். அவர் நாயை வெறுப்பவர் இல்லை, அவருடைய மார்க்கம் அது. அந்த நாய்க்கு வேண்டியது மூலை இல்லை. கேட்டுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு, தெருவில் கயிறு, ஆள் வந்தால் உட்காரும் பழக்கம், செலவழிக்க ஓட்டம். துரத்தும் ஆர்வம் மிகுந்த நாயாக இருந்தால் மோட்டார் ஓடும் சாலையில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. ஒரு நாய்க்குக் கருணையாக இருப்பது இன்னொன்றுக்கு ஆபத்தாகிவிடும்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவலுக்கு என்று கூச்ச நாயைக் கேட்டில் கட்டினால் அது குரைக்கும், பாயும், நமக்கும் திருப்தியாக இருக்கும். பெரும்பாலும் அது வீரம் இல்லை. ஓட வழியில்லாத பயம். நம் நாட்டின் 2015 விலங்கு நல்வாழ்வுச் சட்டம் சோறு, தண்ணீரோடு நிற்கவில்லை. விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடம் கொடுப்பதையும் உரிமையாளரின் கடமையாக வைக்கிறது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சில நேரம், எவ்வளவு முயன்றாலும், ஒரு நாயும் ஒரு வீடும் பொருந்தாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தைச் சத்தமே தாங்காத நாய் இருந்தால், பொறுமையான, பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டைத் தேடிக் கொடுப்பது தோல்வி இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இருட்டில் தோட்டத்தில் இறக்கிவிட்டு வருவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

அடுத்த வகுப்புக்குள் எல்லாரும் ஒன்று செய்யுங்கள். ஏழு நாள், நாளுக்குப் பத்து நிமிடம், உங்கள் நாயைக் கூப்பிடாமல், கொஞ்சாமல், போனை உள்ளே வைத்துவிட்டுப் பார்த்து எழுதுங்கள். நான் சொன்ன கட்டுப்பாட்டோடு. வீட்டில் இன்னொருவரையும் தனியாக எழுதச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் சாமுவேல் காஸ்லிங் குழுவினர் 2003-இல் இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். வளர்ப்பவர் தன் நாயைப் பற்றிச் சொன்னதும், முன்பின் தெரியாதவர்கள் அந்த நாயைக் கவனித்துச் சொன்னதும் நன்றாகவே ஒத்துப்போயின. குணம் என்பது வளர்ப்பவரின் கற்பனை மட்டும் இல்லை என்பதற்கு அது ஒரு சான்று. உங்கள் இரண்டு நோட்டும் ஒத்துப்போகாத இடம் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். அங்கேதான் பேச விஷயம் இருக்கும். நாய் இல்லாதவர்கள் தம்பி தங்கையைப் பார்த்து எழுதலாம். கிண்டல் இல்லை.

தீபாவளி வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது 45,000 வரை. வெடி நேரத்துக்கு முன்னாலேயே நடக்கக் கூட்டிப்போய், சோறு கொடுத்து, உள்ளறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியையும் டிவியையும் போட்டுவிடுங்கள். கேட்டைப் பூட்டியாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். அது நடுங்கிக்கொண்டு உங்களிடம் வந்தால் பக்கத்தில் இருக்க விடுங்கள். "கொஞ்சினா பயம் கூடும்" என்பார்கள். பயம் ஒரு சேட்டை இல்லை, தட்டிக்கொடுத்தால் வளர்வதற்கு.

அப்பா கொடுத்த ஒரு மாதம் எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. போன வருடத் தீபாவளிக்கு மறுபடி உபசரிப்பு வைத்தோம். மைலோ உள்ளறையில், கதவில் பிள்ளைத் தடுப்பு. வெளியே அப்பாவே அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: 'தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். நாய்க்கு ஓய்வு.' மாமா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில், கூட்டம் போன பிறகு, பெரியம்மாவின் பேரன் வந்தான். அந்த ஒரு வருடத்தில் அவன் எந்த நாயையும் கிட்டே விட்டதில்லை என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம், அவன் அம்மா அருகிலேயே நிற்க, நான் சொன்ன மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தான். கையில் கோழித் துண்டு. அதைத் தடுப்பின் இடைவெளி வழியாகத் தரையில் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். மைலோ வெகுநேரம் எழவில்லை. பிறகு வந்தாள், எடுத்தாள், திரும்பித் தன் மூலைக்கே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"அண்ணா, அதுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டான்.

"தெரியலடா. அவ கொட்டாவி விட்டாளா?"

யோசித்தான். "இல்ல."

"அப்போ இன்னொரு துண்டு போடு."